தலைமையும் கோஷ்டியும்

மைசூருக்கு வரும் தமிழ் அன்பர்கள் முதல் நாளிலேயே இரண்டு தேவராஜர்களின் பெயரைக் கேட்டுவிடுகிறார்கள். மல்லிகையும் வெற்றிலையும் வாங்கச் செல்லுமிடம் தேவராஜா மார்க்கெட். ஜவுளி வாங்கச் செல்லுமிடம், அதற்கு அண்மையிலேயே உள்ள தேவராஜ் அர்ஸ் சாலை. இரண்டும் ஒரே மனிதரின் பெயர் என்று எண்ணுவோர் நம்மில் மிகப் பலர். மார்க்கெட்டுக்குப் பெயர் தந்தவர் உடையார் மரபு மன்னர். சாலைக்குப் பெயர் தந்தவரோ மக்களாட்சிக் காலத்து முதல் மந்திரி. மைசூர் ஜில்லா ஹுணசூர் தாலுகாவிலுள்ள கல்லஹள்ளி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். அர்ஸ் என்பது அரசு என்ற சொல்லே. அரச குடும்பத்தோடு உறவுடைய, தொகையில் மிகச் சிறிய ஒரு சமூகத்தின் பெயர். இவ்வளவு சிறிய சமூகத்தில் பிறந்த ஒருவர், பெரிய சமூகங்களின் செல்வாக்கு வேரூன்றியிருந்த காங்கிரஸ் கட்சியில் ஏழரை ஆண்டுகளுக்கு மேல் முதல் மந்திரியாக இருக்க முடிந்தது எவ்வாறு? பின்பு அதே கட்சி அவரை வெளியேற்றியது எவ்வாறு? இவ்விரண்டையும் ஆராய்ந்தால், ஒரு ராஜ்யத்துக் கட்சியில் தலைமை எங்கே உண்டாகிறது என்பது ஒருவாறு விளங்கும். இன்றைய பேச்சின் பொருள் அதுவே.

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இவ்வூர்க் கட்சிச் சண்டை எதற்கு என்று கேட்போர் உண்டு. நாளிதழில் அந்தப் பக்கம் வந்தால் புரட்டிவிட்டுச் சென்னைச் செய்தியைத் தேடுவது நம்மவர் வழக்கம். ஆனால் நாம் வீட்டு வரி கட்டுவது இங்கே, நம் குழந்தைகள் படிப்பது இங்கே, வாக்களிப்பதும் இங்கேதான். கொள்ளேகால் தாலுகாவை நினைத்துப் பாருங்கள். 1956ஆம் ஆண்டு வரை அது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் தேதி இரவு காமராஜ் மந்திரிசபையின் ஆட்சியில் உறங்கச் சென்ற கொள்ளேகால் மக்கள், மறுநாள் காலை நிஜலிங்கப்பா மந்திரிசபையின் ஆட்சியில் கண் விழித்தார்கள். நிஜலிங்கப்பா முதல் மந்திரியானது பொதுத் தேர்தலில் அன்று. ஒரு கட்சிக்குள் நிகழ்ந்த பலப்பரீட்சையில். அவர் யார், அவரை ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்பது அந்தத் தாலுகாவின் குடியானவனுக்கு அதன்பின் அயலூர் விவகாரமாக இருக்க இயலவில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விஷயத்தில் முதலில் கண்ணில் படுபவை சொற்களே. உட்கட்சிப் பிரிவைத் தமிழில் கோஷ்டி என்கிறோம். இச்சொல் பெருமாள் கோயிலிலிருந்து வந்தது. மைசூருக்கு வடக்கே மேல்கோட்டையில் திருநாராயணர் சன்னிதியில் இன்றும் திவ்வியப் பிரபந்தம் ஓதும் கோஷ்டியைக் காணலாம்; கன்னட நாட்டின் நடுவே தமிழ்ப் பாசுரம் ஒரே குரலாய் எழும். ஓதி முடிந்ததும் கோஷ்டியில் நின்றவர்களுக்குப் பிரசாதம் கிடைக்கும். அரசியல் கோஷ்டிக்கு இச்சொல்லைச் சூட்டியவர், ஒரே குரலை எண்ணிச் சூட்டினாரோ, பிரசாதத்தை எண்ணிச் சூட்டினாரோ, அறியோம்! கன்னடப் பத்திரிகைகள் கட்சியில் மாறுபட்டு நிற்போரைப் பின்னமதீயர் என்று எழுதுகின்றன. வேறு கருத்துடையவர் என்பது அதன் பொருள். அதே மனிதரைத் தமிழ்ப் பத்திரிகை அதிருப்தியாளர் என்று எழுதுகிறது. ஒரு சொல் அவருக்கு ஒரு கொள்கை உண்டு என்கிறது. மற்றொன்று அவருக்கு ஏதோ கிடைக்கவில்லை என்கிறது. மைசூர் அரசியலில் இருவகையினரும் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒருவரே இருவகையினராகவும் இருந்திருக்கிறார்.

சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி கோரி நடந்த கிளர்ச்சியின் பயனாக 1947 அக்டோபரில் கே. சி. ரெட்டியின் தலைமையில் முதல் மக்கள் மந்திரிசபை அமைந்தது. 1952 பொதுத் தேர்தலுக்குப் பின் கெங்கல் ஹனுமந்தையா முதல் மந்திரியானார். பெங்களூரில் விதான சௌதா என்னும் மாளிகையைக் கண்டு வியக்காதவர் இல்லை. அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது ரெட்டியின் காலத்தில். இன்று நாம் காணும் பிரம்மாண்ட வடிவத்தை அதற்குத் தந்தவர் ஹனுமந்தையா. கருங்கல்லில் அவ்வளவு உறுதியாகக் கட்டத் தெரிந்தவருக்குச் சொந்தக் கட்சியில் பெரும்பான்மையைக் கட்டிக் காக்க முடியவில்லை. 1956 ஆகஸ்டில் அவர் கட்சியினரே அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர் பதவி விலகினார்.

இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்பதைவிடக் கொடுமை, உண்டு. கன்னடம் பேசும் பகுதிகள் யாவும் ஒரே ராஜ்யமாக இணைய வேண்டும் என்பதைப் பழைய மைசூரில் பலர் விரும்பவில்லை. பழைய மைசூரில் ஒக்கலிகர் செல்வாக்குடையவர். வடக்கேயுள்ள பம்பாய்ப் பகுதியும் ஹைதராபாத் பகுதியும் சேர்ந்தால் லிங்காயத்துகளின் கை ஓங்கும் என்பது அவர்களுடைய அச்சம். ஹனுமந்தையா தாமே ஒக்கலிகர். இருந்தும் இணைப்பை ஆதரித்தார். இணைந்த ராஜ்யத்தில் தம் தலைமைக்கு இடமிராது என்று கணக்கிடத் தெரியாதவர் அல்லர் அவர். அந்த ராஜ்யம் பிறந்த நாளில் அவர் முதல் மந்திரியாக இல்லை. இடையில் கடிதாள் மஞ்சப்பா இரண்டரை மாதத்துக்கும் குறைவாகவே ஆண்டார்; நவம்பர் 1ஆம் தேதி வடக்கும் தெற்கும் ஏற்ற சித்ரதுர்க்கத்து நிஜலிங்கப்பா பதவியேற்றார்.

நிஜலிங்கப்பாவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1958 மே மாதம் அவருக்கு எதிர்ப்பு வலுத்தது, விலகினார். அடுத்த தலைவர் யார் என்பதற்குச் சட்டசபைக் கட்சியில் போட்டி நடந்தது. பெல்லாரி டி. சுப்பிரமணியாவும் ஜம்கண்டி பி. டி. ஜத்தியும் எதிரெதிரே நின்றனர், ஜத்தி வென்றார். பிற்காலத்தில் புதுச்சேரித் தமிழர்கள் துணைநிலை ஆளுநராக அறிந்தவரும், 1977இல் சில மாதங்கள் நாட்டின் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்தவரும் இந்த ஜத்தியே. 1962 தேர்தலில் மீண்டும் நிஜலிங்கப்பாவின் முறை வரவேண்டியிருந்தது. ஆனால் அவரே ஹொசதுர்க்கத் தொகுதியில் தோற்றுவிட்டார்! எஸ். ஆர். காந்தி என்பவர் ஏறக்குறைய 100 நாள் முதல் மந்திரியாக இருந்தார். நிஜலிங்கப்பா பாகல்கோட்டை இடைத்தேர்தலில் வென்று வந்ததும் பதவியை அவரிடம் ஒப்படைத்து விலகினார். பரதனின் பாதுகைக் கதை அரசியலில் நடப்பதில்லை என்போர் இந்த 100 நாளை மறந்துவிட வேண்டாம்.

இவ்வாறு ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை முதல் மந்திரி மாறியதைக் கண்டு, கோஷ்டிச் சண்டையால் ராஜ்யம் குட்டிச்சுவராயிற்று என்று சொல்வது எளிது. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அக்காலத்துச் சண்டை வெளிச்சத்தில் நடந்தது. யார் பக்கம் எத்தனை பேர் என்பதைத் தலை எண்ணித் தீர்த்தார்கள். தோற்றவர் கட்சியிலேயே இருந்தார். அடுத்த முறைக்குக் காத்திருந்தார். சென்னை ராஜ்யத்தில் நடந்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். 1954இல் ராஜாஜி விலகியபோது, சட்டசபைக் கட்சித் தலைமைக்குக் காமராஜும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். காமராஜுக்கு 93 வாக்கு, சுப்பிரமணியத்துக்கு 41. வென்ற காமராஜ், தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். 41 பேர் எதிராக இருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்ததாலேயே அவர்களோடு எப்படி வாழ்வது என்பதும் தெரிந்தது.

ஆயினும் தலை எண்ணுவது என்றால் யாருடைய தலை என்ற கேள்வி உடனே எழுகிறது. அன்றைய மைசூர்ச் சட்டசபைக் கட்சியில் நிலமுடையோரே மிகுதி. லிங்காயத்தா ஒக்கலிகரா, வடக்கா தெற்கா என்பதுதான் போட்டி. குயவர், வண்ணார், நாவிதர், மீனவர், குறும்பர், தாழ்த்தப்பட்டோர் ஆகியோர் இரு பக்கத்துக்கும் வாக்களித்தார்கள். எந்தப் பக்கத்துக்கும் தலைமை தாங்கவில்லை. பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவனின் குறை அந்தப் பலப்பரீட்சை எதிலும் எடைபோடப்படவில்லை. திறந்த வாக்கெடுப்பு நல்லதே. ஆனால் அறைக்குள் நுழைய முடியாதவனுக்கு அறைக்கதவு திறந்திருந்து என்ன பயன்?

இந்த நிலையை உடைத்தது மைசூரில் எழுந்த சக்தி அன்று. டில்லியில் எழுந்த பிளவு. 1968 தொடக்கத்தில் நிஜலிங்கப்பா அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். மே மாதத்தில் முதல் மந்திரிப் பதவியை வீரேந்திர பாட்டீலிடம் விட்டுச் சென்றார். 1969 ஜூலையில் பெங்களூர் லால்பாகிலுள்ள கண்ணாடி மாளிகையில் காங்கிரஸ் கமிட்டி கூடியது. குடியரசுத் தலைவர் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்பதில் ஒரு பக்கம் நிஜலிங்கப்பாவும் நம் காமராஜும் அவர்களைச் சேர்ந்த மூத்தோரும். மறுபக்கம் பிரதமர் இந்திரா காந்தி. மூத்தோர் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தினர், வென்றவர் வி. வி. கிரி. நவம்பர் 12ஆம் தேதி நிஜலிங்கப்பா, பிரதமரைக் கட்சியிலிருந்து நீக்கினார். கட்சி இரண்டாயிற்று. மைசூரின் மந்திரிசபையும் கட்சி ஸ்தாபனமும் பெரும்பாலும் நிஜலிங்கப்பா பக்கம் நின்றன. எதிர்ப்பக்கம் சென்று, ஏறக்குறைய வெறுங்கையோடு கட்சியைக் கட்டத் தொடங்கியவர் தேவராஜ் அர்ஸ்.

பெரிய சமூகத் தலைவர்கள் மறுபக்கம் இருந்தது அவருக்குக் குறையாகவும் இருந்தது, வசதியாகவும் இருந்தது. யாருக்கு எத்தனை இடம் என்று பழைய கோஷ்டிகளோடு பேரம் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 1971 மக்களவைத் தேர்தலில் இந்திரா காங்கிரஸ் மைசூரின் 27 தொகுதிகளையும் வென்றது. பாட்டீல் மந்திரிசபையின் ஆதரவாளர்கள் ஒவ்வொருவராகக் கரைய, அது வீழ்ந்தது. 1972 சட்டசபைத் தேர்தலில் சிறு சமூகத்தவர் பலரை அர்ஸ் வேட்பாளராக நிறுத்தினார். அவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன் சட்டசபை வாசலையும் மிதித்திராத குடும்பத்தினர். 216 இடங்களில் 165 இடங்கள் கிடைத்தன. அர்ஸ் முதல் மந்திரியானார்.

அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய சிறப்பு. 1974 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், குத்தகைக்காரன் உழும் நிலத்தை அரசாங்கத்தின் உடைமையாக்கி, பின்பு உழுபவனுக்கே உரிமையாக்க வழி வகுத்தது. தாலுகாதோறும் நிலத் தீர்ப்பாயங்கள் அமைந்தன. அவற்றின் முன் வக்கீல் வாதாட இடமில்லை என்று சட்டமே கூறியது. வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்க வல்லவன் நிலச்சொந்தக்காரன். உழுபவனுக்குத் தன் வாயும் அண்டை வீட்டான் சாட்சியுமே துணை. இந்த ஒரு விதியின் அருமை, கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். எல்லாத் தாலுகாவிலும் இச்சட்டம் ஒரே விதமாக வேலை செய்தது என்று சொல்லுவதற்கில்லை. குத்தகை மிகுந்த கடலோர ஜில்லாக்களில் அதன் பயன் பெரிது. 1972இல் எல். ஜி. ஹாவனூர் தலைமையில் அமைந்த பிற்படுத்தப்பட்டோர் கமிஷன் 1975இல் அறிக்கை தந்தது. அதை ஒட்டி 1977இல் வேலையிலும் கல்வியிலும் இடஒதுக்கீட்டு ஆணை பிறந்தது. ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்ற பெயர் வந்ததும், 1973 நவம்பர் 1ஆம் தேதி, அவர் ஆட்சியிலேயே.

இவ்விடத்தில் மைசூர் நகரில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் செல்லலாகாது. அர்ஸ் மந்திரிசபையில் பி. பசவலிங்கப்பா என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு மந்திரி ஒருவர் இருந்தார். மனிதர் மலத்தை மனிதர் தலையில் சுமக்கும் வழக்கத்தைத் தடை செய்தவர். 1973 நவம்பரில் மைசூரில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி பூசா என்ற பொருள்படச் சொல்லிவிட்டார். பூசா என்றால் மாட்டுக்குப் போடும் தவிடு. கல்லூரிகளில் கிளர்ச்சி மூண்டது. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் தாக்குண்டனர். பசவலிங்கப்பா பதவி விலக நேர்ந்தது. அர்ஸ் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பாரும், காப்பாற்றியிருந்தால் மந்திரிசபையே கவிழ்ந்திருக்கும் என்பாரும் இன்றும் உண்டு. சிறு சமூகங்களைக் கூட்டி அமைத்த தலைமைக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை அந்த மாதம் காட்டியது. அந்தக் கிளர்ச்சியின் கனலில்தான் கன்னடத்தில் தலித் எழுத்து எழுச்சி பெற்றது. பழைய கோஷ்டிகளின் கணக்கில் வராத விளைவு அது.

அர்ஸ் வீழ்ந்த கதை சிறியது. 1977 டிசம்பரில் மத்தியிலிருந்த ஜனதா அரசாங்கம் அவர் மந்திரிசபையைக் கலைத்தது. 1978 ஜனவரியில் காங்கிரஸ் மறுபடியும் பிளந்தபோது, அர்ஸ் மீண்டும் இந்திராவின் பக்கமே நின்றார். பிப்ரவரித் தேர்தலில் 224க்கு 149 இடம் வென்றார். வடநாடு இந்திராவைத் தோற்கடித்திருந்த நேரம் அது. அதே ஆண்டு நவம்பரில் சிக்மகளூர்த் தொகுதியை அவருக்குத் தந்து மக்களவைக்கு அனுப்பி வைத்தார். அங்கே அவரை எதிர்த்து நின்றவர் பழைய முதல் மந்திரி வீரேந்திர பாட்டீல். எட்டு மாதம் கழியுமுன், ராஜ்யக் கட்சித் தலைமையும் முதல் மந்திரிப் பதவியும் ஒருவரிடமே இருக்கலாமா என்ற வழக்கு எழுந்தது. 1979 ஜூனில் அர்ஸ் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது சட்டசபை அங்கத்தினரில் பெரும்பாலோர் அவரோடுதான் இருந்தனர். எண்ணிப் பார்த்தால் அவர் தோற்கவில்லை. ஆனால் 1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. கர்நாடகத்தின் 28 இடங்களில் 27 இந்திரா காங்கிரசுக்கு. அதே அங்கத்தினர்கள் சில நாட்களுக்குள் இடம் மாறினார்கள். அர்ஸ் ராஜிநாமாச் செய்தார்; ஒரு காலத்தில் அவர் மந்திரிசபையில் இருந்த குண்டுராவ் முதல் மந்திரியானார். 1982 ஜூனில் அர்ஸ் காலமானார். அவரால் நிலம் பெற்ற உழவர்களும் அவரால் பள்ளிக்கூடம் ஏறிய பிள்ளைகளும் 1980இல் யாருக்கு வாக்களித்தார்கள் என்று யோசித்தால் மனம் சற்றுக் கனக்கிறது. நிலம் கொடுத்தவர் அர்ஸ் என்பதைவிட இந்திரா என்றே அவர்களில் பலர் எண்ணினார்கள் போலும். அர்சும் அவ்வாறு எண்ணும்படிதான் எட்டு ஆண்டுகள் மேடையில் பேசியிருந்தார்.

இங்கேதான் நம் கருத்தைச் சொல்ல வேண்டும். டில்லியின் ஆதரவு என்னும் ஏணி இல்லாவிடில், பழைய சட்டசபைக் கட்சியின் வாக்கெடுப்பில் அர்ஸ் ஒருநாளும் தலைவராகியிருக்க மாட்டார். குத்தகைச் சட்டமும் அந்த உருவத்தில் வந்திருக்காது. ஆகையால் உள்ளூர் வாக்கெடுப்பு போனதே என்று முழுவதும் வருந்த இயலவில்லை. ஆனால் அர்ஸ் ஏறிய ஏணி அவர் போன பின்பும் அங்கேயே நின்றது. ஏறியவர் செய்த வேலை நின்றுவிட்டது. ஏணி மட்டும் வழக்கமாகிவிட்டது.

வீரேந்திர பாட்டீலின் பிற்கால அனுபவம் இதற்குப் போதிய சான்று. அவர் காங்கிரசுக்குத் திரும்பி, 1989 தேர்தலில் 224க்கு 178 இடங்கள் பெற்றுத் தந்து முதல் மந்திரியானார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ராஜ்யத்தில் வகுப்புக் கலவரம், அவரோ நோய்ப்படுக்கையில். அவரைப் பார்க்க வந்த காங்கிரஸ் தலைவர் ராஜீவ் காந்தி, திரும்பும் வழியில் பெங்களூர் விமான நிலையத்தில் பத்திரிகையாளரிடம் முதல் மந்திரி மாற்றப்படுவார் என்று அறிவித்துவிட்டு விமானம் ஏறினார். பாட்டீல் விலக மறுத்தார்; சில நாள் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது; பின்பு பங்காரப்பா பதவியேற்றார். 1971இல் இதே பாட்டீல், அங்கத்தினர் ஒவ்வொருவராக விலகப் பெரும்பான்மை இழந்து வீழ்ந்தார். 1990இல் 178 பேர் இருக்கும்போதே வீழ்ந்தார். வட கர்நாடகத்து லிங்காயத்து மக்கள் அந்த விமான நிலைய அறிவிப்பை நெடுங்காலம் மறக்கவில்லை. 1994 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வோர் பலர்.

மைசூர் ஜில்லாவிலிருந்து அர்சுக்குப் பின் அக்கட்சியின் முதல் மந்திரியானவர், சித்தராமனஹுண்டி என்னும் ஊரில் பிறந்த சித்தராமையா. அவரும் தொகையில் பெரிய இரு சமூகங்களையும் சாராதவர். 2013 மே மாதம் அவரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி அங்கத்தினரிடையே இரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. 2023 மே 13ஆம் தேதி 135 இடங்களுடன் கட்சி மீண்டும் வென்றபோது, அவருக்கும் ராஜ்யக் கட்சித் தலைவர் டி. கே. சிவகுமாருக்கும் இடையே போட்டி. மறுநாள் பெங்களூர் ஹோட்டல் ஒன்றில் அங்கத்தினர்கள் கூடி, தலைவரை நியமிக்கும் பொறுப்பை அகில இந்தியத் தலைவரிடம் விடுவதாக ஒருவரித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அன்றிரவே ஒவ்வொருவரிடமும் இரகசியமாக அபிப்பிராயம் கேட்கப்பட்டது. மேலிடப் பார்வையாளர்கள் அதை டில்லிக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கே நான்கு நாள் பேச்சு நடந்தது. சித்தராமையா முதல் மந்திரி, சிவகுமார் துணை முதல் மந்திரி என்று 18ஆம் தேதி அறிவித்தார்கள். 20ஆம் தேதி பதவியேற்பு. அந்த 135 பேரில் யாருக்கு எத்தனை பேர் எழுதிக் கொடுத்தார்கள் என்ற கணக்கை மேலிடம் வெளியிடவில்லை. 1954இல் சென்னையில் 93க்கு 41 என்பது அன்று மாலையே தெருவில் தெரிந்துவிட்ட கணக்கு.